வழுதி என்று கூப்பிட்டால்

பிள்ளைக்கு வழுதி என்று பெயர் வைத்தது அவள்தான். அதற்குக் காரணம் அவளுடைய சொந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் வகுப்புக்கு நாலைந்து பேருக்கு இருந்தது. நர்சிங் படிக்கப் போன இடத்தில் அவள் தங்கிய அறையிலேயே இன்னொருத்திக்கு இருந்தது. யாராவது கூப்பிட்டால் உடனே திரும்பக் கூடாது, எந்த இனிஷியல் என்று கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று பழகிப்போயிருந்தாள். வயிற்றில் பிள்ளை தங்கியதும் அவள் ஒன்றே ஒன்றைத்தான் முடிவு செய்தாள். என் பிள்ளையைக் கூப்பிட்டால் ஒரே ஒரு தலைதான் திரும்ப வேண்டும்.

வழுதி என்பது பழைய பாட்டுகளில் வருகிற ஒரு ராஜாவின் பெயர். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது நாக்கில் ஒட்டிக்கொண்டது. பாட்டு மறந்துவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க உயரமான கட்டிடங்களில் லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டுக்குள் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவன், வீட்டுக்கு வந்தால் அளந்துதான் பேசுவான்.

"பேரு நல்லாத்தான் இருக்கு," என்றான். "ஜனங்க வாயில வருமா?"

"உங்க வாயில வருதில்ல? அது போதும்."

அவனுக்கு ழ சுத்தமாக வரும். பெண் பார்க்க வந்தபோது, "மழை வரும் போலிருக்கு" என்று அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவள் விழுந்தாள் என்று பிற்பாடு அவனைக் கேலி செய்வாள்.

மாமனாருக்குத்தான் பிடிக்கவில்லை. "வழுன்னா குத்தம்னு அர்த்தம். தெரிஞ்சே யாராவது பிள்ளைக்குக் குத்தம்னு பேர் வைப்பாங்களா?" என்றார். போதாததற்கு அவருக்குப் பொய்ப்பல். முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இரண்டாவது தடவை மேல் வரிசை கழன்று கையில் விழுந்தது. அதிலிருந்து பேரனை "பெரியவரே" என்று மட்டும்தான் கூப்பிட்டார்.

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா ள போட்டுவிட்டார்.

"ழ போடுங்க சார். வாழைப்பழத்துல வர்ற ழ."

"எல்லாம் ஒரே சத்தம்தானம்மா. பழத்தை நான் வாளப்பளம்னுதான் சொல்றேன், இனிக்காமலா போயிடுச்சு?"

அவர் சொன்னதற்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் அசையவில்லை. அவர் பெருமூச்சு விட்டுத் திருத்திக் கொடுத்தார்.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டார்கள். கீழ்வீட்டுக்காரிக்கு வளுதி. பால் போடுகிறவருக்கு வலுதி. வாட்ச்மேன் எதற்கு வம்பு என்று "வாலு" என்று சுருக்கிக்கொண்டார், பையனின் சேட்டைக்கு அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பையன் விடுகிறவனாக இல்லை. இரண்டு வயது தாண்டியதிலிருந்து யார் தப்பாகக் கூப்பிட்டாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இல்ல. வயுதி," என்பான். அவனுக்கே ழ வராது. ஆனால் காது சரியாக இருந்தது. தன் வாயில் வருவது தப்பு என்று அவனுக்குத் தெரியாது, மற்றவர்கள் சொல்வது தப்பு என்று நன்றாகத் தெரியும்.

சொல்லிக்கொடுத்தது அவள்தான். விளையாட்டாக ஆரம்பித்தது. "தப்பா கூப்பிட்டா திரும்பிப் பாக்காதே. சரியா கூப்பிடுற வரைக்கும் இல்லன்னு சொல்லு." அவள் வேண்டுமென்றே வளுதி என்பாள், இல்ல. வலுதி, இல்ல. வழுதி என்றதும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வான்.

அவளுக்கு வேலை ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் தடுப்பூசி அறையில். வேலைக்குப் போகும் நேரத்தில் இரண்டு தெரு தள்ளி ஓர் அக்காவிடம் பையனை விட்டுவிட்டுப் போவாள். ஐந்து மாடிக் கட்டிடத்தின் தரைத்தளத்தில் அந்த அக்காவின் வீடு. முன்னறையில் பாய் விரித்து நாலைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள், கைராசிக்காரி என்று பெயர். அந்தக் கட்டிடத்தின் மேல் அந்த வருடம் புதிதாக ஒரு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி சுவரில் ஒரு விரிசல் ஓடுவதை அவள் பார்த்திருக்கிறாள். புதுச் சுண்ணாம்பு பூசி மறைத்ததையும் பார்த்திருக்கிறாள்.

பையனுக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்கள் இருக்கும். மதியம். மற்றக் குழந்தைகளை அவரவர் வீட்டார் கூட்டிப்போயிருந்தார்கள், இவன் மட்டும்தான் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் மருத்துவமனையில் ஒரு கைக்குழந்தையின் தொடையில் ஊசியை இறக்கிக்கொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எங்கோ லாரி கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தாள். ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து அழுத்தி, தாயிடம் குழந்தையைக் கொடுத்தாள். அப்புறம்தான் வெளியே யாரோ தெருவின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கட்டிடம் இருந்த இடத்தில் கட்டிடம் இல்லை. தளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. நடுவில் லிஃப்ட் ஷாஃப்டின் ஒரு மூலை மட்டும் உடைந்த பல் மாதிரி நின்றது. புழுதி அடங்கவே இல்லை. கயிறு கட்டிக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள்.

கணவன் வேலை நடந்த இடத்திலிருந்து சீருடையோடு ஓடிவந்தான். அந்த லிஃப்டைப் போட்டது அவன் கம்பெனிதான், அவனே பல தடவை பழுது பார்த்திருக்கிறான். ஷாஃப்ட் வழியாக உள்ளே போக வழி இருக்கிறதா என்று கேட்க, மீட்புப் படை அவனைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டது. வெளி மாநிலத்திலிருந்து வந்த படை. தலைவருக்கு நம் மொழி தெரியாது, மைக் பிடித்தவருக்குக் கொஞ்சம் பேச வரும், படிக்க வராது. குழந்தையின் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். கணவன் எழுதிக் கொடுத்தான், பிறப்புச் சான்றிதழில் இருக்கிறபடியே. ழ வருகிற இடத்தில் இசட், எச். கொடுத்துவிட்டு ஷாஃப்டைக் காட்டுவதற்காகப் பின்பக்கம் போய்விட்டான்.

மைக் பிடித்தவர் அந்தத் தாளைப் பார்த்தார். இசட்டை இசட்டாகவே படித்தார்.

"வசுதி," என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. "தம்பி வசுதி. கேக்குதா? கேட்டா பதில் சொல்லு, வசுதி."

அவளுக்கு முதலில் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்றே புரியவில்லை. உள்ளே வேறு குழந்தையும் இருக்கிறதோ என்று நினைத்தாள். அதற்குள் எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார்கள். இயந்திரங்களை நிறுத்தினார்கள். உடைந்த குழாய் ஒன்றுக்குள் ஒலி கேட்கிற கருவியை இறக்கியிருந்தார்கள், அதன் சத்தம் ஒரு பெட்டி வழியாக எல்லாருக்கும் கேட்டது. டிவிக்காரர்களின் மைக்குகள் அந்தப் பெட்டியைச் சுற்றி நீட்டியிருந்தன.

"வசுதி."

கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு ஒரு சின்னக் குரல், தூக்கத்தில் எழுந்த குரல்.

"இல்ல."

கூட்டம் அப்படியே மூச்சு விட்டது. யாரோ கைதட்டினார்கள். உயிரோடு இருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அவன் என்ன சொல்கிறான் என்று அவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

"அது அவன் பேர் இல்ல," என்று கத்தினாள். "வழுதின்னு கூப்பிடுங்க. வழுதி. அப்பதான் பேசுவான்."

ஒரு பெண் போலீஸ் அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, சத்தம் போடாதீங்க. உங்க சத்தத்துல குழந்தை சத்தம் கேக்காம போயிடும். அவன் பேசப் பேசத்தான் எங்க இருக்கான்னு கண்டுபிடிக்க முடியும்."

அது நியாயம். அவள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். பெண் போலீஸின் காதில் மெதுவாகச் சொன்னாள். பேரைத் தப்பாகச் சொல்கிறார்கள், வசுதி இல்லை, வழுதி. பெண் போலீஸ் கயிற்றைத் தாண்டிப் போய் யாரிடமோ சொல்லிவிட்டு வந்தாள். "சொல்லிட்டேம்மா. பேரை இன்னும் தெளிவா கூப்பிடச் சொல்லியிருக்கேன்."

ஒலிபெருக்கி இன்னும் தெளிவாகக் கூப்பிட்டது. "வ-சு-தி."

"இல்ல."

"வசுதி, பயப்படாதே. நாங்க வந்துட்டே இருக்கோம்."

"இல்ல. நா இல்ல."

மூன்று வயதுப் பையன் கோபித்துக்கொள்ளும்போது குரல் எப்படி மேலே போகும் என்று அவளுக்குத் தெரியும். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்வான். இப்போது கையைக் கட்ட இடம் இருக்கிறதோ என்னவோ. இன்னும் சில தடவை இல்ல என்றான். அப்புறம் அவர்கள் கூப்பிட்டார்கள், அவன் பேசவில்லை. திரும்பிப் பார்க்காதே என்று அவள்தானே சொல்லியிருந்தாள்.

சத்தம் நின்றதும் எங்கே தோண்டுவது என்பதில் படைக்குள் குழப்பம் வந்தது. முன்பக்கம் என்றார்கள், பிறகு ஷாஃப்ட் பக்கம் என்றார்கள். மறுநாள் காலையில், இனி ஒன்றும் கெட்டுப்போவதற்கில்லை என்ற நிலையில், மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். வழுதி என்று கூப்பிட்டாள். தொண்டை கிழிந்து காற்று மட்டும் வருகிற வரைக்கும் கூப்பிட்டாள். பெட்டியில் கரகரப்பு மட்டும் கேட்டது.

அன்று மாலை எடுத்தார்கள். அவர்கள் முதலில் தோண்டிய இடத்துக்கும் அவன் கிடந்த இடத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்த அக்கா அவன்மேல் கவிழ்ந்து கிடந்தாள், கட்டிடம் விழுந்த உடனேயே போய்விட்டிருக்கிறாள். பையன் இரவு பாதி வரைக்கும் இருந்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். கேட்டதனால் சொன்னார்.

அந்தக் குரலை டிவியில் ஓயாமல் போட்டார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை "இல்ல" என்கிறது. கேட்டவர்கள் எல்லாரும் அதற்கு ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டார்கள். சாவு வந்து கூப்பிட்டபோது இல்லை என்று சொன்ன குழந்தை. பயமா என்று கேட்டதற்கு இல்லை என்ற குழந்தை. மேடையில் பேசினார்கள், சுவரில் படம் வரைந்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே வசுதி என்று எழுதினார்கள், இங்கிலீஷில் மட்டும் அந்தத் தாளில் இருந்த அதே எழுத்துகள். சிலர் நாகரிகமாக ஸ போட்டு வஸுதி என்று எழுதினார்கள்.

அதற்கப்புறம் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு அந்தப் பெயரை வைக்க ஆரம்பித்தார்கள். குழந்தைப் பெயர்களைத் தொகுத்துப் போடும் இணையப் பக்கங்களில் அது ஏறியது. "வசுதி: அஞ்சாதவன், தோல்வியை ஏற்காதவன்" என்று அர்த்தம் போட்டிருந்தது. இன்னொன்றில் "செல்வம் கொழிப்பவன்". எப்படி உச்சரிப்பது என்று ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். அழுத்தினால் ஒரு பெண் குரல் இனிமையாக வசுதி என்றது. இந்த வருடம் வேகமாகப் பரவும் பெயர்களில் முன்வரிசை என்று ஒரு வரைபடமும் இருந்தது. அவள் ஒரு தடவைதான் பார்த்தாள்.

கணவன் அதையெல்லாம் சேர்த்து வைத்தான். முதல் வருடம் அவன் பேச்சே இழந்திருந்தான். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பான். அப்போதுதான் யாரோ ஒரு தம்பதி வந்து, எங்கள் பிள்ளைக்கு உங்கள் பிள்ளை பெயரை வைக்கிறோம், நீங்கள் வந்து ஒரு தடவை தூக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனான். திரும்பி வந்து அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டான். அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் போனான். போனில் படங்களைக் காட்டுவான்.

"இன்னைக்கு ஒரு வசுதியைப் பார்த்தேன். நம்மவன் மாதிரியே நெத்தி. நம்ம பையன் எங்கயும் போயிடல, ஊரெல்லாம் இருக்கான்."

அவன் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தபோது அவளுக்குச் சுருக்கென்றது.

"நம்ம பையன் பேர் வசுதி இல்லையே," என்றாள்.

"அதனால என்ன? இங்கிலீஷ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதானே."

சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனான். அவனே எழுதிக்கொடுத்த அந்தத் தாள் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. ஷாஃப்டுக்குப் பின்னால் நின்றவனுக்கு ஒலிபெருக்கியில் என்ன பெயர் கேட்டது என்பதும் சரியாகத் தெரியாது. டிவியில் கேட்டதைத்தான் அவனும் கேட்டான். "இல்ல" என்ற குரலுக்கு எல்லாரும் வைத்துக்கொண்ட அர்த்தத்தைத்தான் அவனும் வைத்துக்கொண்டான். அதைப் பிடித்துக்கொண்டுதான் கரை ஏறியிருந்தான். அவள் வாய் திறந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

தடுப்பூசி அறைக்கு அந்தப் பெயர் வராமல் இருக்குமா? முதலில் மாதத்துக்கு ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்று. அட்டையில் இங்கிலீஷில் அதே எழுத்துகள், நடுவில் இசட், எச். வாசலுக்கு வந்து கூப்பிட வேண்டியது அவள் வேலை. அவள் வழுதி என்று கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மறுபடி கூப்பிடுவாள். கடைசியில் யாராவது ஒரு தாய் அட்டையை எட்டிப் பார்த்து, "ஐயோ, எங்க வசுதியா?" என்று எழுந்து வருவாள். ஒருநாள் ஒருத்தி தலைமை டாக்டரிடம் போய், "அந்த நர்ஸ் எம்பிள்ளை பேரை வேணும்னே கெடுத்துக் கூப்பிடறாங்க" என்று புகார் செய்தாள்.

தலைமை டாக்டர் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"அட்டையில இருக்கிற மாதிரி கூப்பிட்டா போதும்மா."

"அட்டையில இருக்கிற மாதிரிதான் கூப்பிடறேன் டாக்டர்."

டாக்டர் அட்டையைப் பார்த்தார். "வேணும்னா வார்டுக்கு மாத்தித் தரேன். தினமும் அந்தப் பேரைக் கேக்கிறது யாருக்கும் கஷ்டம்தான்," என்றார்.

"வேண்டாம் டாக்டர்."

ஏன் வேண்டாம் என்றாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த வாசலில் நின்று கூப்பிட்டால்தான் அந்தப் பெயர் வெளியே வருகிறது. வீட்டில் அதைச் சொல்ல முடியவில்லை.

வருடங்கள் போயின. அந்தக் குழந்தைகள் வளர்ந்து ஐந்து வயது ஊசிக்கு வரத் தொடங்கினார்கள். ஒருநாள் காலை கூட்டம் அதிகம். அவள் அடுத்த அட்டையை எடுத்தாள், பார்த்தாள், வாசலுக்கு வந்தாள்.

"வழுதி."

பெஞ்சில் ஒரு தாய் போனில் மூழ்கியிருந்தாள். பக்கத்தில் முன்பல் விழுந்த ஒரு பையன். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"நீதானே? வா, வழுதி."

"இல்ல," என்றான் பையன். பயந்து சொல்லவில்லை. எத்தனை தடவைதான் சொல்வது என்கிற எரிச்சலில் சொன்னான். "நான் வசுதி."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். பையன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சரியாகக் கூப்பிடுகிறாளா என்று பார்க்கிறான் என்று புரிந்தது. கூப்பிடாவிட்டால் வர மாட்டான். அவன் பக்கம் நியாயம் இருந்தது. அது அவன் பெயர். அவன் பிறந்ததிலிருந்து அப்பாவும் அம்மாவும் அவனை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"சரி," என்றாள். "வசுதி. வாப்பா."

அவன் இறங்கி நடந்து வந்தான். ஊசி போட்டாள். அவன் போன பிறகு கை கழுவுமிடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்றாள். வரிசையிலிருந்து யாரோ, "சிஸ்டர் எங்க போனாங்க?" என்று கேட்கிற வரைக்கும் நின்றாள்.

அன்று சாயங்காலம் கணவன் சீக்கிரமே வந்திருந்தான். முகம் தெளிவாக இருந்தது. கட்டிடம் இருந்த இடத்துக்கு எதிரில் சின்னதாக ஒரு பூங்கா அமைக்கிறார்கள், அதற்கு வசுதி பூங்கா என்று பெயர் வைக்கப்போகிறார்கள், திறந்து வைக்க அவர்கள் இரண்டு பேரும் வர வேண்டுமாம்.

"நீயும் வரணும். இத்தனை வருஷத்துல ஒண்ணுத்துக்கும் நீ வந்ததில்ல," என்றான். "நுழையுற இடத்துல 'இல்லை'ன்னு பெருசா கல்லுல செதுக்கப்போறாங்க. நம்ம பையன் சொன்னது."

"அவன் அதைச் சொல்லல," என்றாள்.

"எதை?"

"அவன் சாவைப் பார்த்து இல்லன்னு சொல்லல. பேரைத் தப்பா கூப்பிட்டாங்க. அது என் பேர் இல்லன்னு சொன்னான். அவ்வளவுதான்."

அவன் புரியாமல் பார்த்தான். அவளுக்கு நிறுத்த முடியவில்லை. நான் அங்கேதான் நின்றேன், கத்தினேன், வாயை அடைத்தார்கள், தப்பாகவே கூப்பிட்டார்கள், அவன் கோபித்துக்கொண்டு பேசாமல் போய்விட்டான், பேசியிருந்தால் இடம் தெரிந்திருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். குரலை உயர்த்தாமல், காய்ச்சல் அளவைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஏன் தப்பா கூப்பிட்டாங்க?" என்று கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே தெரிந்துவிட்டது. அவன் வலதுகை விரல்கள் தொடைமேல் லேசாக அசைந்தன, எழுதுகிற மாதிரி. அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

"நான்தானே எழுதிக் குடுத்தேன்," என்றான்.

"திரும்பிப் பாக்காதேன்னு சொல்லிக் குடுத்தது நான்."

அதை அவன் காதில் வாங்கினானா என்று தெரியவில்லை.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு."

"இன்னைக்கு மட்டும் தாங்குவேன்னு யார் சொன்னா?"

முன்பல் விழுந்த பையனைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தாள். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்து, சாப்பிடாமல் படுத்தான்.

பூங்கா திறப்பு விழாவுக்கு இரண்டு பேருமே போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். போனில் இருந்த படங்களை அவன் அழித்துவிட்டான் என்று அவளுக்குப் பிறகு தெரிந்தது, எத்தனையோ குழந்தைகளின் படங்கள். யாராவது பெயர் வைத்திருக்கிறோம், வாருங்கள் என்று கூப்பிட்டால், "வேற யாரையாவது கூப்பிடுங்க" என்று வைத்துவிடுவான். வேலைக்கு ஒழுங்காகப் போனான், வந்தான். அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். குடத்தில் தண்ணீர் இல்லை என்பதுபோன்ற பேச்சு மட்டும்தான் மிச்சம். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவள் நினைக்காத நாள் இல்லை. அவனிடமிருந்து பையனை இரண்டாவது தடவை பிடுங்கியது தான்தான் என்றும் நினைத்தாள்.

மருத்துவமனையில் இப்போது அவள் வசுதி என்றே கூப்பிட்டாள். முதல் கூப்பிடலிலேயே யாராவது எழுந்து வந்தார்கள். தலைமை டாக்டர் ஒருநாள் கடந்துபோகும்போது அதைக் கேட்டு நின்றார், பிறகு போய்விட்டார்.

கட்டிடம் இருந்த காலி மனையில் புதிதாக ஒன்று எழும்பியது. வழக்கு முடிந்து, மனை கை மாறி, அதே அகலத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். லிஃப்ட் போடுகிற வேலை அவன் கம்பெனிக்கே வந்தது. மேலாளர் தயங்கித் தயங்கி, வேறு ஆளைப் போடுகிறேன் என்றாராம். நானே போகிறேன் என்று இவன் சொல்லிவிட்டான். இதெல்லாம் அவளுக்கு அவன் சொல்லவில்லை. அவன் கூட வேலை செய்கிறவனின் மனைவி பிள்ளைக்கு ஊசி போட வந்தபோது சொன்னாள்.

ஷாஃப்டுக்கு அடியில், தரைத்தளத்துக்கும் கீழே ஒரு குழி இருக்கும். லிஃப்ட் தாங்கிகளை அங்கேதான் பொருத்த வேண்டும். அதில் இறங்கி வேலை செய்த அன்று அவன் சட்டையெல்லாம் சிமெண்டுப் புழுதியோடு வீட்டுக்கு வந்தான். குளிக்கப் போகவில்லை. அவள் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றான்.

"இன்னைக்குக் கீழ குழியில இறங்கினேன்," என்றான்.

அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கூட இருந்தவனை டீ வாங்க அனுப்பிட்டேன். யாரும் இல்ல. கூப்பிட்டுப் பார்த்தேன்."

"எப்படிக் கூப்பிட்டீங்க?"

அவன் சொன்னான். அந்த வீட்டில் அந்தப் பெயரை அவன் வாயால் கேட்டு வெகு காலமாயிற்று. நாக்கு மடிந்து, எங்கும் தடுக்காமல், சுத்தமாக வந்தது.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன. கொஞ்ச நேரம் நின்னேன். ஏறி வந்துட்டேன்."

அவள் அவன் தலையில் ஒட்டியிருந்த புழுதியைக் கையால் தட்டிவிட்டாள். அவன் தடுக்கவில்லை.

"குளிச்சுட்டு வாங்க," என்றாள். "சோறு ஆறுது."